சாப்பிடறேன் டாக்டர்

இதை எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். காரணம், இதில் ஒரு பொய் இருக்கிறது. நான் சொன்ன பொய். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், மயிலாடுதுறையில் எங்கள் தெருக் காய்கறிக்கடை வரைக்கும் இன்றைக்கும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த டீச்சர் டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று ஒன்றரை வருடம். "டீச்சர், பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று அவர் கேட்பார். "சாப்பிடறேன் டாக்டர்" என்பேன். வெளியே செருப்பை மாட்டும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தும், ஆனாலும் அடுத்த தடவையும் அதையே சொல்வேன்.

எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது 2015இல் தெரிந்தது, ஓய்வு பெற்ற அதே வருடம். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துப் போன இடத்தில் 184/102 என்று காட்ட, இந்தப் பிரஷரில் கண்ணைத் தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் காலையில்தான் மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கித் துணி உலர்த்திவிட்டு வந்திருந்தேன். தலைவலி இல்லை, படபடப்பு இல்லை. இந்தப் பத்து வருடத்திலும் இந்த நோயை நான் ஒரு நாள்கூட உணர்ந்ததில்லை. உணர்ந்ததெல்லாம் மருந்தைத்தான். வலிக்காத ஒன்றைத் தடுக்க வலிக்கிற ஒன்றை ஆயுசு முழுக்க விழுங்கச் சொன்னால் மனசு எப்படி ஒத்துக்கொள்ளும் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்காவது தாகம், அசதி என்று ஏதாவது ஒன்று வந்து நினைவுபடுத்தும். எங்களுக்கு இயந்திரம் காட்டும் எண் மட்டும்தான்.

மெட்டி

முதல் நாலு வருடம் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம், தொந்தரவே இல்லை. 2019 கோடையில் எண் ஏறியது என்று அதை 10 ஆக்கினார்கள். இரண்டே மாதத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் சரியாக இருக்கும், சாயங்காலம் ஆனால் செருப்பு வார் காலில் பதிந்துவிடும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஒரு நாள் மெட்டி விரலை இறுக்கி, சோப்புப் போட்டும் எண்ணெய் போட்டும் வராமல், பத்தர் கடைக்குப் போய் வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. கல்யாணத்தன்று என் கணவர் போட்டுவிட்ட மெட்டி, முப்பத்தெட்டு வருடம் கழற்றியதே இல்லை. அதை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வழியெல்லாம் அழுதேன். என் மாமியாருக்குக் கடைசி ஆறு மாதம் இப்படித்தான் கால் வீங்கியிருந்தது, அவருக்கு இதயம் பலவீனமாகி வந்த வீக்கம். கால் வீக்கம் என்றாலே எனக்கு அந்த நினைவுதான்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கிட்னி என்றார்கள். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, கால் கழுவ வெந்நீரில் கல்லுப்பு, எல்லாம் நடந்தது. டாக்டரிடம் சொன்னபோது அவர் அலட்சியம் செய்யவில்லை. சிறுநீர், கிட்னிக்குக் கிரியேட்டினின், இதயத்துக்கு எக்கோ எல்லாம் பார்த்தார், எல்லாமே நன்றாக இருந்தன. எதுவும் இல்லை, பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். கொஞ்ச நாள் காலை உயர்த்தி வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் கொரோனா வந்து, போன் மூலமே மருந்துச் சீட்டை நீட்டித்துக்கொண்டு போய், 2021 கடைசியில் நேரில் போனபோது வீக்கத்துக்கு என்று ஒரு நீர் மாத்திரை எழுதினார். இங்கேதான் சிக்கல் தொடங்கியது, ஆனால் அது எனக்கு விளங்க ஒரு கை முறிய வேண்டியிருந்தது.

அம்லோடிபின் சின்னச் சின்னத் தமனிகளை விரித்துவிடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. ஆனால் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற சிரைகளை அது அதே அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வருகிற வழி அகலம், வெளியே போகிற வழி பழையபடியே. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை இது, தண்ணீர் இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் நீர் மாத்திரையால் இதற்குப் பெரிய பலன் கிடையாது. டோஸ் கூடக் கூட வீக்கமும் கூடும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், இரண்டாவதாக ஒரு மாத்திரை வந்துவிட்டது.

பஸ்ஸில் போகிற பெண்கள்

நீர் மாத்திரையைப் பற்றி ஆண்களிடம் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு விழுங்கினால் ஒன்பதிலிருந்து மத்தியானம் வரைக்கும் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் ஆறு ஏழு மணி நேரம் ஆகிறது. நடுவில் ஓட்டலில் நிறுத்துவார்கள், அந்தக் கழிப்பறைக்குள் ஒரு தடவை போய்வந்தவர்கள் அடுத்த தடவை தண்ணீரே குடிக்காமல் பஸ் ஏறுவார்கள். நம் ஊரில் பெண்கள் சின்ன வயசிலிருந்து அடக்கிப் பழகியவர்கள். பள்ளிக்கூடத்தில் நானும் காலை முதல் சாயங்காலம் வரை அப்படி அடக்கிக்கொண்டு பாடம் எடுத்தவள்தான். அறுபத்தைந்து வயசில் அந்தப் பலம் உடம்பில் இல்லை. திருச்சியில் தங்கை பேத்திக்குக் காது குத்து, மத்தியானம் வரை மண்டபத்தில் இருக்க வேண்டும், அன்றைக்கு நீர் மாத்திரையை விட்டேன். முதல் தடவை அதுதான். கால் அன்றைக்கு ஒன்றும் அதிகமாக வீங்கவில்லை. அப்புறம் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகும் நாள், பேங்குக்குப் போகும் நாள், பென்ஷன் சான்று கொடுக்கும் நாள் என்று விடும் நாட்கள் கூடிக்கொண்டே போயின.

ஒன்றை விட்டுப் பழகிய கை இன்னொன்றையும் விடும். அம்லோடிபின்னை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. எத்தனை வருடம் கழித்து என் காலை நான் பார்க்கிறேன் என்று சந்தோஷமாக இருந்தது. தலைவலி இல்லை, எதுவும் இல்லை. எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். சாப்பிடாத மாத்திரைகளைக் குப்பையில் போட மனசு வரவில்லை, காசு கொடுத்து வாங்கியது. பூஜை அலமாரியில் கற்பூரம் வைக்கிற எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்தேன். என் கணவருக்குத் தெரியாது.

டாக்டரிடம் போகிற வாரம் மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிடுவேன், பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளை மாதிரி. அப்படியும் எண் 160, 165 என்று நிற்கும். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பார். வெளியே அறுபது எழுபது பேர் காத்திருப்பார்கள். இருபது வருடமாக எங்கள் குடும்பத்தைப் பார்ப்பவர், ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பவர். நீங்கள் கொடுத்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொல்வது நன்றிகெட்ட பேச்சாக எனக்குப் பட்டது. அதற்கும் மேல், டீச்சர் என்று கூப்பிட்ட பிறகு எப்படி "இல்லை" என்று சொல்வது?

என் கணவரின் இருமல்

இந்த விஷயத்தில் நான் மட்டும்தான் இப்படி என்று சொல்ல முடியாது. என் கணவருக்கு எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை. அதை ஆரம்பித்து மூன்று நாலு மாதம் கழித்து ஒரு வறட்டு இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரி படுத்தால் தொண்டையில் ஏதோ ஊர்வது மாதிரி விடாத இருமல். இருமல் டானிக் எத்தனை பாட்டில், கற்பூரவல்லிச் சாறு, அதிமதுரம், மிளகுப் பால். மார்புக்கு எக்ஸ்ரே, காசநோய் இருக்குமோ என்று சளிப் பரிசோதனை. அந்த முடிவு வருகிற வரைக்கும் தட்டு டம்ளர் எல்லாம் தனியாக வைத்துக்கொண்டு தனி அறையில் படுத்தார். கடைசியில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பையன்தான், சார் இந்த மாத்திரைக்கு இருமல் வரும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றான். மாற்றிக் கொடுத்தார்கள், மூன்று வாரத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. பிரேசிலில் ஒரு வகை விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் அது, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காப்டோப்ரில்தான் அதில் மூத்தது என்று பின்னால் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாற்றிய மருந்து. அதே மருந்து ஒரு மனிதரைத் தன் வீட்டிலேயே ஒதுங்கிப் படுக்க வைத்தது. இரண்டுமே உண்மை, ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடாது.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

விழுந்த நாள்

2023 ஜூலையில் எதிர்வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து என்னோடு கீரை ஆய்ந்தவர், மறுநாள் காலை வாய் கோணி, வலது கை தூக்க முடியாமல் ஆம்புலன்ஸில் போனார். அவரும் பிரஷர் மாத்திரையை விட்டவர்தான் என்று அவர் மகள் சொல்லி அழுதாள். எனக்குக் குலை நடுங்கியது. அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். 178/96. வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். அவர் கணக்கில் நான் 10 மில்லிகிராம் அம்லோடிபின்னும் நீர் மாத்திரையும் தினமும் சாப்பிட்டும் 178இல் நிற்கிற நோயாளி. அதனால் டெல்மிசார்டான் என்ற பிரஷர் மருந்தும், தயசைடு வகை நீர் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்றைக் கூடுதலாக எழுதினார். என் வாயிலிருந்து வந்த தகவலுக்குச் சரியான மருந்துதான் அது. என் உடம்புக்கு அது சரியில்லை.

பயத்தில் அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன். நாலைந்து நாளில் ஒரு மந்தம் வந்தது. பால்காரருக்குக் கணக்குப் போடும்போது கூட்டல் தடுமாறியது. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டல். வயசாகிறது என்றார் என் கணவர், நானும் அதைத்தான் நினைத்தேன். வயசானவர்கள் உடம்பில் எது நடந்தாலும் அந்த ஒரு வார்த்தையில் மூடிவிடலாம் என்பது எவ்வளவு ஆபத்தானது! ஒன்பதாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு, அன்று ராத்திரி மூன்றாவது தடவையாக, சிறுநீர் கழிக்க எழுந்தேன். படுக்கும்போது கால் வீக்கத்து நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பி ராத்திரியில் சிறுநீராகப் போகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எழுந்தது நினைவிருக்கிறது, கதவைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது குளியலறை வாசலில் கிடக்கிறேன், இடது கை மணிக்கட்டு வேறு திசையில் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ரத்தத்தில் இருக்கும் உப்புச்சத்தான சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 121. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், பிரஷர் பிரஷர் என்று உப்பைக் குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டதால் வந்தது, இனிமேல் ஊறுகாய் போட்டுச் சாப்பிடு என்றார்கள். அது தவறு. வயசானவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, அந்த தயசைடு வகை மருந்து சோடியத்தை இப்படி இழுத்துக் கீழே தள்ளிவிடக்கூடும், பெரும்பாலும் ஆரம்பித்த சில வாரங்களுக்குள். குறைந்ததை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று மெதுவாகவே ஏற்றினார்கள். நாலு நாள் படுக்கை.

மஞ்சள் பை

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கு என் மகள் வயசைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கேஸ் ஷீட்டைப் பார்த்தார், என் கணவரிடம் திரும்பி, "ஐயா, வீட்டுல அம்மா சாப்பிடுற மாத்திரை என்னென்ன இருக்கோ, பழசு புதுசு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. சீட்டு வேண்டாம், மாத்திரைதான் வேணும்" என்றார். எனக்குப் பகீரென்றது. என் கணவர் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்து, பூஜை அலமாரிச் சம்படத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

துணிக்கடையில் கொடுத்த மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் அதைக் கட்டில் மேல் விரித்த துண்டில் கொட்டினார். அம்லோடிபின் அட்டைகள், முழங்கால் வலிக்கு நானே வாங்கிச் சாப்பிட்ட டைக்ளோஃபெனாக் (இது பிரஷரையும் ஏற்றும், நீர் மாத்திரையோடும் டெல்மிசார்டானோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்), தலைசுற்றலுக்கு யாரோ சொன்ன மாத்திரை, அப்புறம் சம்படம். அதைத் திறந்து எண்ணினார். அம்லோடிபின் 64, நீர் மாத்திரை 90க்கு மேல். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், திட்டு விழும் என்று.

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுல எந்த மாத்திரையைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்கும்மா?" என்று கேட்டார்.

எட்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. காது குத்து, பஸ், மெட்டி, எதிர்வீட்டு அம்மா, எல்லாம் கொட்டினேன். அரைமணி நேரம் இருக்கும். அப்புறம் படுத்தபடி எனக்குப் பிரஷர் பார்த்தார், 150/80. எழுந்து நிற்கச் சொல்லி, விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார். 118/68. நிற்கும்போது மேல் எண் 20க்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டும், உங்களுக்கு 32 இறங்குகிறது என்றார். நிற்க வைத்து எனக்குப் பிரஷர் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த எண்ணை மட்டும் பார்த்து எட்டு வருடம் மருந்து கூடிக் குறைந்து நடந்திருக்கிறது, நான் விழுந்ததோ நின்றபோது.

முதல் மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இரண்டாவது மாத்திரை, அதை நான் விட்டதால் ஏறிய எண்ணுக்கு மூன்றாவது மாத்திரை என்று ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் என் வகுப்பறையை நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக் கணக்கு போட்டாயா என்று பிள்ளைகளைக் கேட்பேன். "போட்டேன் டீச்சர்" என்று நாற்பது பேரும் சொல்வார்கள். இரண்டு மூன்று வருடம் போன பிறகு கேள்வியை மாற்றினேன், எந்தக் கணக்கில் நின்றுவிட்டாய் என்று. உடனே கைகள் உயரும், மூணாவது கணக்கு டீச்சர், எனக்கு அஞ்சாவது டீச்சர் என்று. "ஒழுங்காகச் செய்தாயா" என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்ல ஒரே பதில்தான் இருக்கிறது. இது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஆனாலும் கேட்கப்படுகிற இடத்தில் உட்கார்ந்தபோது நானும் அந்தப் பிள்ளைகள் சொன்னதைத்தான் சொன்னேன்.

எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வருகிறார், 2021இல் அந்தத் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து வீடு வீடாக பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற அவரைவிட இந்தக் கேள்வியைக் கேட்க வேறு யாருக்கு வாய்ப்பு அதிகம்? அவரிடமே சொன்னேன். இப்போது கால் வீங்குதா, எழுந்தா கிறுகிறுங்குதா, இருமல் இருக்கா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார். தெருவில் மூன்று பேருக்கு மருந்து மாறியிருக்கிறது.

இதற்கெல்லாம் ஆங்கில மருந்தே வேண்டாம், மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சர்ப்பகந்தி நிஜமாகவே ரத்தக்கொதிப்பைக் குறைக்கும் மூலிகைதான். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர் 1949இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி உலகத்துக்கே தெரிய வைத்தார். அதிலிருந்து பிரித்த ரெசர்ப்பின் பல வருடம் புழக்கத்தில் இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்தது, மூக்கடைப்பும் அசதியும் வந்தன. வேலை செய்கிற எந்த மருந்தும் நாம் கேட்காத இடத்திலும் கொஞ்சம் வேலை செய்யும்.

இப்போது எனக்கு அம்லோடிபின் 2.5, டெல்மிசார்டான் 40. அம்லோடிபின் டோஸ் குறைந்ததாலும், டெல்மிசார்டான் சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதாலும் வீக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நீர் மாத்திரை இல்லை. மகள் வாங்கிக் கொடுத்த சோடியம் குறைந்த உப்பையும் நிறுத்தச் சொன்னார்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது, டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றும். சாதா உப்பையே அளந்து போடுகிறேன். எழுந்திருக்கும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டி, அப்புறம்தான் நிற்கிறேன். எண் 140லிருந்து 145க்குள் நிற்கிறது. இன்னும் இறக்கலாம், ஆனால் நிற்கும்போது நீங்கள் விழாமல் இருப்பதும் முக்கியம் என்கிறார்கள், நான் ஒத்துக்கொண்டேன். கையில் கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க வலது கைதான்.

மறுபடி எங்கள் பழைய டாக்டரிடமே போகிறேன். முதல் தடவை போனபோது சம்படத்தைப் பற்றி அவரிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் உங்களை டீச்சர்னே பாத்துட்டேன்" என்றார்.

இந்தச் சித்திரை வெயிலில் கால் மறுபடி கொஞ்சம் வீங்கியது. போன வாரம் அவரிடம் போனபோது, அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், "கால் வீங்கிச்சு டாக்டர், பயந்துட்டு மூணு நாள் அம்லோடிபின் சாப்பிடல." அவர் பேனாவை எடுத்தார். "எந்த மூணு நாள்?" என்று கேட்டு, என் நோட்டில் அந்தத் தேதிகளுக்கு நேரே இருந்த எண்களைப் பார்க்க ஆரம்பித்தார்.